வேலிக்கு உள்ளே புளித்த மண்

குளுவாங்கிலிருந்து யோங் பெங் போகும் சாலையை ஒட்டிப் பழைய ரப்பர் தோட்டம் ஒன்று இருந்தது. பால்மரங்களை வெட்டிச் சாய்த்த பிறகு கம்பெனி அங்கே எதையும் நடவில்லை. வாங்க ஆள் வருவான் என்று சும்மா போட்ட நிலத்தில் புல் முளைத்தது. புல் முளைத்ததும் மாடுகள் வந்தன. தோட்டம் மூடியபோது லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்து பக்கத்துத் தாமான் குடியிருப்புக்குப் போன குடும்பங்களில் ஐந்தாறு பேர் மாடு வைத்திருந்தார்கள். யோகேஸ்வரி அவர்களில் ஒருத்தி.

அவளுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. கணவன் ஐயாசாமிக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால் போய்விட்டது. அவர் வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாடு, பால், வீடு எல்லாம் அவள் தலையில்தான். அதற்காக அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை. குரல் பெரிது. தெருமுனையில் பேசினால் கோயில்வரை கேட்கும். யார் வீட்டு மாடு கன்று போடத் திணறினாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முழங்கைவரை எண்ணெய் தடவிக்கொண்டு, மாட்டோடு பேசிக்கொண்டே கன்றை இழுத்துப் போடுவாள். அதனால் மாட்டுக்காரர்களிடம் அவள் சொல்லுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவளுடைய கஷ்டகாலமும் அந்த மதிப்பில்தான் தொடங்கியது.

மாடுகள் பெருகிப்போயின. புல் வேர்வரை கடிபட்டது. மேட்டில் செம்மண் தெரிய ஆரம்பித்தது. பெருமழை வந்தால் அந்த மண் சேறாகி இறங்கி, கீழே இருந்த வீடுகளின் கால்வாயை அடைத்தது. அந்த வீட்டுக்காரர்கள் புகார் மேல் புகாராகப் போட, கம்பெனி மேனேஜர் கோயில் மண்டபத்துக்கு வந்து கூட்டம் போட்டார். மாடு எல்லாவற்றையும் ஒரேயடியாக அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் நிலத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு ஐந்து வருடம் ஓய்வு கொடுக்க வேண்டும், வேறு வழியில்லை என்றார். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து மண்ணைச் சோதிப்பார்கள். மண் தேறிவிட்டது என்று தெரிந்தால் மாடுகளை முறைவைத்து உள்ளே விடலாம். அவர் மலாயில் சொல்லச் சொல்ல, பின்வரிசையில் இருந்த பெரியவர்களுக்காக யோகேஸ்வரி தமிழில் எடுத்துச் சொன்னாள்.

அய்யாவுதான் எழுந்தார். எல்லாரையும்விட அதிக மாடு வைத்திருந்தவர் அவர். யோகேஸ்வரிக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது. சின்ன வயதில் ஒரே லயத்தில் வளர்ந்ததில் அவரைத்தான் அண்ணன் என்று சொல்லிக்கொள்வாள்.

"மாட்ட வெளிய நிறுத்திட்டு, புல்ல உள்ள வளத்து யாருக்கு ஊட்டப் போறாங்க? வேலி, பகார் போட்டா போட்டதுதான். பகார பிரிச்சவன எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றார்.

யோகேஸ்வரி எழுந்தாள்.

"அண்ணே, புண்ணு மேல திரும்பத் திரும்ப மிதிச்சா எப்படி ஆறும்? கொஞ்ச காலம் விட்டுத்தான் பாப்போம்லா. மண்ணு தேறுனா நம்ம மாடுதானே உள்ள போகுது? இப்ப முடியாதுன்னு சொன்னா, நாளைக்கே லோரி கொண்டாந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிருவாங்க."

அய்யாவு அவளைப் பார்த்தபடி நின்றார். பிறகு தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ சொல்றேன்னுதான் சரிங்கறேன் யோகா. அந்த மேனேஜருக்காக இல்ல."

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

வேலி எழுந்தது. ஓடையோரத்தில் ஒரு குறுகலான துண்டை மட்டும் மாடுகளுக்கென்று வெளியே விட்டார்கள். கம்பி அறுந்தால் கட்டவும், யாரும் உள்ளே மாட்டை விடாமல் பார்க்கவும் ஆள் தேவைப்பட்டது. யோகேஸ்வரியையே வைத்துக்கொண்டார்கள். மாடு மேய்த்தவளே மாட்டை விரட்டும் வேலையில் சேர்ந்ததைச் சிலர் கிண்டல் செய்தார்கள். "நம்ம ஆளு உள்ள இருந்தா நமக்குத்தான் நல்லது" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள்.

மண்ணைச் சோதிக்க வந்தவள் லோஷினி. கூலாயில் ஒரு லோரி ஓட்டுநரின் மகள். முப்பது வயது இருக்கும். வெயிலுக்குப் பெரிய தொப்பி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். வேலிக்கு உள்ளே சில இடங்களில் சிவப்புக் குச்சியும், வெளியே ஓடைத் துண்டில் சில இடங்களில் நீலக் குச்சியும் நட்டாள். சில மாதங்களுக்கு ஒருமுறை வந்து, குச்சி நட்ட இடங்களில் இரும்புக் குழாயை அழுத்தி மண் எடுத்துப் பைகளில் போட்டுக்கொண்டு போவாள். மாடு மிதிக்காத மண்ணும் மாடு மேயும் மண்ணும் எப்படி மாறுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. குழாயை அழுத்த யோகேஸ்வரியும் கை கொடுப்பாள். வேலை முடிந்ததும் இருவரும் ஐயாசாமியோடு உட்கார்ந்து பால் விடாத தேநீரான தே ஓ குடிப்பார்கள்.

முதல் வருடம் யோகேஸ்வரிக்குத் தரையில் கால் பாவவில்லை. புல் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. செம்மண் தெரிந்த இடமெல்லாம் மூடிக்கொண்டது. மழைக்குச் சேறு இறங்குவது நின்றது. மாட்டுக்காரர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து கம்பிக்கு வெளியே நிறுத்திக் காட்டினாள். காற்றில் புல் அலையலையாகச் சாய்ந்தது.

"பாத்தீங்களாண்ணே? எப்படிக் கெடக்குது பாருங்க."

அய்யாவு பார்த்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மாடுகளும் கம்பிக்கு மேல் கழுத்தை நீட்டிப் பார்த்தன.

"கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கு. வயித்துக்கு?" என்று கேட்டுவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

ஓடைத் துண்டு எல்லா மாட்டுக்கும் போதவில்லை. பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்த்த செம்பனைத் தோட்டத்துக்குள் விட்டால் காவலாளி விரட்டினான். மிச்சமிருந்தது சாலையோரப் புல். அய்யாவு மாடுகளைச் சாலையோரமாகவே ஓட்டிப் பழக்கினார். ஒரு நாள் பொழுது சாயும் நேரம், செம்பனைக் குலை ஏற்றிவந்த லோரி ஒன்று வளைவில் திரும்பியபோது, அவருடைய சினைமாடு நடுச்சாலையில் நின்றது.

யோகேஸ்வரி ஓடிப்போனபோது மாட்டுக்கு உயிர் இருந்தது. பின்னங்கால்கள் இரண்டும் நொறுங்கிப் போயிருந்தன. அய்யாவு அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தார்ச்சாலையிலேயே உட்கார்ந்திருந்தார். லோரிக்காரன் இறங்கி நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தான். யோகேஸ்வரி மாட்டின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். உள்ளே கன்று அசைந்தது. அப்புறம் அசையவில்லை.

"வேலிய ஒரு வாட்டி தொறந்து விட்டிருக்கலாம்லம்மா" என்றார் அய்யாவு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஒரு ஓரமா மேஞ்சிட்டுப் போயிருக்கும்."

அவள் இடுப்பில் வேலிக்கதவின் சாவி தொங்கியது.

அதன் பிறகு மாடு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விற்கத் தொடங்கினார்கள். குளுவாங் பாசாரில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஜமால் தன் சின்ன லோரியோடு வந்து போனார். நல்ல மனிதர். "மனசு கேக்கலதான்க்கா. நான் வாங்கலைன்னா வேற ஒருத்தன் வாங்குவான்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். யோகேஸ்வரியும் தன் மாடுகளை விற்றாள். செவலை என்ற ஒரே பசுவை மட்டும் வைத்துக்கொண்டாள். மாடு குறையக் குறைய ஓடைத் துண்டில் மிச்சம் இருந்தவற்றுக்குப் புல் போதுமானதாக இருந்தது. அங்கே புல் கட்டையாக, தளதளவென்று நின்றது. வேலிக்குள் மலைபோல் வளர்ந்த புல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பெரிதாகப் படவில்லை.

பிறகு நோய்க்காலம் வந்து ஊரடங்கு போட்டார்கள். லோஷினியால் வர முடியவில்லை. யோகேஸ்வரி மட்டும் வேலியைச் சுற்றி நடந்தாள். நீண்ட அடைப்பு முடிந்து லோஷினி வந்தபோது இருவருமாக மேட்டின் மேல்பக்கம் போனார்கள். அங்கே இடுப்பளவு புல்லுக்கு நடுவே பெரணி முளைத்திருந்தது. கம்பி மாதிரித் தண்டு, காய்ந்த பழுப்பு இலை. அதற்குப் பக்கத்தில் செண்டுடோக் செடிகள் ஊதாப் பூவோடு நின்றன.

"பூவெல்லாம் வந்திருக்கு, பாத்தியாம்மா?" என்றாள் யோகேஸ்வரி.

லோஷினி அந்தப் பூவை ரசிக்கவில்லை. குனிந்து புல்லை விலக்கினாள். அடியில் காய்ந்த புல் மெத்தை மாதிரிக் கிடந்தது. அதைக் கிழித்துத் தூக்கினால் ஈரமும் கருப்புமாக ஒரு வாடை அடித்தது. தரையை ஒட்டிப் புல்லின் அடித்தூர் மஞ்சளாகியிருந்தது.

"மண்ணு புளிச்சுக்கிட்டே போகுது ஆன்ட்டி. ஆசிட் ஏறுது. வேலிக்கு உள்ள மட்டும். ஊரடங்குக்கு முன்னாடியே லேசா தெரிஞ்சுச்சு. இந்தச் செடிங்க அந்த மாதிரி மண்ணுலதான் வரும்."

"புல்லு இவ்வளவு வளந்திருக்கே?"

"அதுவும் ஒரு காரணம்தான். வளர்றப்ப மண்ணுல இருக்கற சுண்ணாம்புச் சத்து, மத்த சத்தெல்லாம் உறிஞ்சி எடுத்துக்குது. முன்ன மாடு அதத் தின்னுட்டு, சாணியா மூத்திரமா அங்கயே திருப்பிப் போட்டுச்சு. இப்பத் திங்க ஆளில்ல. காஞ்சு மேலயே விழுந்து, கொஞ்சம் கொஞ்சமா அழுகுது. அழுகுறப்ப ஆசிட் ஊறுது. நம்ம ஊரு மழை மிச்சத்தையும் கழுவிட்டுப் போயிருது. முதல்லயே இது புளிப்பு மண்ணு ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம் ஏறினாலும் தாங்காது."

"அப்ப வேலி போட்டது தப்பா?"

லோஷினி கையிலிருந்த புல்லைக் கீழே போட்டாள். "தப்புன்னு சொல்ல முடியல. சேறு ஓடறது நின்னுச்சே. சில நாட்டுல வேலி போட்டும் மண்ணு மாறல. சில எடத்துல நல்லதுகூட ஆயிருக்கு. இங்க இப்படி ஆகுது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"புளிப்பை எடுக்க என்ன செய்யணும்?"

"தோட்டத்துல கப்பூர் போடுவாங்கல்ல, சுண்ணாம்புத் தூளு, அதுதான். ஆனா இவ்வளவு நெலத்துக்கு லோரி லோரியா வேணும்."

லோஷினி இதைச் சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னாள். யோகேஸ்வரி அதைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மாதத்தில்தான் அய்யாவு கடைசி மாட்டையும் ஜமாலிடம் கொடுத்துவிட்டு, பெர்மாஸ் ஜெயாவில் இருந்த மகனின் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். போகும்போது யோகேஸ்வரி வீட்டுக்கு வந்து ஐயாசாமியிடம் சொல்லிக்கொண்டார். அவள் அடுப்படியிலிருந்து வெளியே வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது. அவர் வேண்டுமென்று செய்தாரா, மகன் அவசரப்படுத்தினானா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அன்றைக்கு முழுவதும் அவள் யாரோடும் பேசவில்லை. அந்தப் பெரிய குரல் தெருவில் கேட்காததை ஊரே கவனித்தது.

ஐந்து வருடம் முடிய இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. மண் தேறியிருந்தால் மாடு உள்ளே போகலாம் என்பதுதான் பேச்சு. மண்ணோ கெட்டுக்கொண்டு வந்தது. கடைசிச் சோதனையில் மோசமான கணக்கு வந்தால் கதவு திறக்காது. கதவு திறக்காவிட்டால், தான் மண்டபத்தில் எழுந்து நின்று சொன்ன வார்த்தை பொய்யாகிவிடும். அவள் மனம் அதையே சுற்றிச் சுற்றி வந்தது.

தோட்டத்துப் பழைய ஸ்டோரில் கப்பூர் மூட்டைகள் கிடந்தன. ரப்பர் காலத்தில் வாங்கியவை, கேட்பார் இல்லை. பாதி இறுகிக் கல்லாகியிருந்தது. யோகேஸ்வரி அவற்றைத் தள்ளுவண்டியில் ஏற்றிவந்து, விறகுக்கட்டையால் அடித்து நொறுக்கினாள். விடிந்தும் விடியாத நேரத்தில் வேலிக்குள் போய், சிவப்புக் குச்சி நட்டிருந்த இடங்களில் மெத்தைப்புல்லைத் தூக்கி, கையால் அள்ளித் தூவி, மறுபடி மூடினாள். நிலம் முழுவதும் தூவ அவளால் முடியாது. லோஷினி மண் எடுக்கும் இடங்களாவது நன்றாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தாள். அந்த இடம் தேறினால் போதும், கதவைத் திறந்துவிடுவார்கள். மாடு உள்ளே போனால் மற்றதை மாடே சரிசெய்துவிடும்.

கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. கண் எரிந்தது. ஐயாசாமி பார்த்துவிட்டு, "உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா யோகா? என்ன பண்ற அங்க?" என்று கேட்டார்.

"வேலி வேலைங்க. கம்பி கீறிருச்சு."

மழைக்காலம் முழுக்க இதைச் செய்தாள். அடித்த மழையில் பாதி கரைந்து ஓடையில் வெள்ளையாகப் போனது. அவள் மறுபடி தூவினாள்.

கடைசிச் சோதனைக்கு மண் எடுத்துப் போன லோஷினி, இரண்டு வாரத்தில் சொல்லாமல் திரும்பி வந்தாள். நேராக வேலிக்குள் போனாள். யோகேஸ்வரி பின்னால் ஓடினாள். முதல் சிவப்புக் குச்சியின் அருகே லோஷினி மண்டியிட்டு மெத்தைப்புல்லைத் தூக்கினாள். எழுந்து திரும்பியபோது அவள் உள்ளங்கையில் சுண்டைக்காய் அளவு வெள்ளைக்கட்டி ஒன்று இருந்தது.

"ஆன்ட்டி, இது என்ன?"

யோகேஸ்வரி தன் கைகளைப் பின்னால் கொண்டுபோனாள்.

"கப்பூரா? யாரு போட்டா?"

"நான்தாம்மா." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "உனக்கு நல்ல கணக்கு வரட்டும்னுதான். மண்ணு தேறிருச்சுன்னு நீ சொன்னா தொறந்துருவாங்கல்ல?"

லோஷினி அப்படியே புல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அலமாக், ஆன்ட்டி." கையிலிருந்த கட்டியை மூடிப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு நல்ல கணக்கு வேணாம். கெட்ட கணக்குதான் வேணும். உள்ள புளிச்சுப் போச்சு, வெளிய கொஞ்சம் மாடு மேயுற எடத்துல அப்படிப் புளிக்கல. அந்த வித்தியாசத்தக் காட்டித்தான், கொஞ்சம் கொஞ்சமா மாட்ட உள்ள விடுங்க, அதுதான் இந்த மண்ணுக்கு நல்லதுன்னு கம்பெனிகிட்ட கேக்க இருந்தேன். இந்தக் கடைசி தடவ எடுத்ததையும் சேத்தாதான் தைரியமா சொல்லலாம்னு காத்துக்கிட்டிருந்தேன். இப்ப உள்ளயும் வெளியவும் ஒண்ணா இருக்கு. வித்தியாசமே இல்ல."

யோகேஸ்வரிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"மாட்ட விடச் சொல்லப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"கெடைக்காமப் போனா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னுதான் சொல்லல."

லோஷினி திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அவள் திட்டவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். அவளுடைய ஐந்து வருட உழைப்பும் அதில்தானே இருந்தது. யோகேஸ்வரி அவள் முதுகைத் தடவப் போனாள். வெடித்த கையைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டாள்.

கம்பெனிக் கூட்டத்தில் லோஷினி பொய் சொல்லவில்லை. யோகேஸ்வரியின் பெயரையும் சொல்லவில்லை. கடைசி மண்மாதிரிகள் கெட்டுவிட்டன, அவற்றைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, இன்னும் ஒரு வருடம் கொடுத்தால் வேறு இடங்களில் எடுத்துக் காட்ட முடியும், அதுவரை ஒரு மூலையில் சில மாடுகளையாவது விட்டுப் பார்க்கலாம் என்று கேட்டாள். அப்போது அங்கே புதிய மேனேஜர். பொறுமையாகத்தான் கேட்டார். மண் தேறவில்லை என்பது மட்டும் நிச்சயம்தானே என்றார். ஆமாம் என்றாள் லோஷினி. அப்படியானால் மேய்ச்சலுக்கு விடும் பேச்சு முடிந்தது என்றார் அவர். அன்னாசி போட ஒருவர் நிலத்தைக் கேட்டிருக்கிறார், அன்னாசிக்குப் புளிப்பு மண் பிடிக்கும், வேலியும் ஏற்கெனவே இருக்கிறது.

தாமானில் இதைச் சொல்லும் வேலையும் யோகேஸ்வரிக்குத்தான் வந்தது. கேட்க ஆள் அதிகம் இல்லை. பெரும்பாலோர் மாட்டை விற்றிருந்தார்கள். கேட்டவர்களில் ஒருவர், "சரி, விடு" என்றார். இன்னொருவர் எழுந்து போய்விட்டார். கப்பூர் விஷயத்தை அவள் ஐயாசாமியிடம் மட்டும் சொன்னாள். அவர் அவள் கைகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார்.

செவலையை ஜமால் ஏற்றிக்கொண்டு போன மறுநாள், யோகேஸ்வரி பஸ் ஏறி பெர்மாஸ் ஜெயாவுக்குப் போனாள். அய்யாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் மருமகள் பிரேமலா சொல்லியிருந்தாள். உடம்பைவிட நினைவுதான் தடுமாறுகிறது, சில நாள் தெளிவாக இருக்கிறார், சில நாள் பிள்ளையையே யார் என்று கேட்கிறார் என்று பிரேமலா கதவைத் திறக்கும்போதே சொன்னாள்.

அய்யாவு பால்கனியில் இருந்தார். கீழே கார்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"யோகாவா? வாம்மா. தண்ணி குடிச்சியா?"

அவள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்திருந்தாள். நீங்க அன்னிக்கே சொன்னீங்கண்ணே, நான்தான் கேக்கல, எல்லாரையும் கேக்கவும் விடல என்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தாள்.

"புல்லு எப்படி இருக்கு? மண்ணு ஆறிருச்சா?" என்று அய்யாவு கேட்டார்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் சொல்ல முடியவில்லை.

"ஆறிருச்சுண்ணே. நல்லா வந்திருக்கு."

"தொறந்துட்டாங்களா?"

"தொறந்துட்டாங்க."

அய்யாவு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "நீ அன்னிக்குச் சொன்னது சரியாப் போச்சு பாரு! நான்தான் கூறுகெட்டவன், உன் மேல கோவிச்சுக்கிட்டேன்." அவர் கண் கலங்கியது. அவள் எழுந்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிறையும்வரை நின்றாள்.

ஒரு வாரம் கழித்துப் பிரேமலாவிடமிருந்து போன் வந்தது.

"அத்தை, மாமாகிட்ட என்ன சொன்னீங்க? தெனமும் துணிய பையில எடுத்து வச்சுக்கிட்டு லிஃப்ட்கிட்ட போய் நிக்கறாரு. புல்லு வந்திருச்சு, ஊருக்குப் போகணும், மாட்ட ஜமால்கிட்ட இருந்து திருப்பி வாங்கணும்ங்கறாரு. எங்க வீட்டுக்காரரு பிடிச்சு இழுத்தா அடிக்க வர்றாரு. நேத்து படியில எறங்கி ரோட்டுக்கே போயிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க, என்ன செய்றது சொல்லுங்க? ஏன்த்தை அப்படிச் சொன்னீங்க?"

யோகேஸ்வரி மறுபடியும் பஸ் ஏறினாள். அவள் போனபோது அய்யாவு சட்டைப் பொத்தானை எல்லாம் போட்டுக்கொண்டு, பையோடு வாசலில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார்.

"வந்துட்டியா? எத்தன மணிக்கு பஸ்சு?"

"அண்ணே, உக்காருங்க."

"உக்கார நேரம் இல்லம்மா."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "புல்லு இல்லண்ணே. மண்ணு கெட்டுப் போச்சு. தொறக்கல. நான் பொய் சொல்லிட்டேன். அங்க அன்னாசி போடப் போறாங்க. நம்ம மாடு ஒண்ணுகூட இல்ல."

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். அவள் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு அவர் கையை மெல்ல உருவிக்கொண்டார். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அறைக்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் மதியம்வரை அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். கதவு திறக்கவில்லை. பிரேமலா கொண்டுவந்து வைத்த தே ஓவும் அப்படியே ஆறிப்போனது.

நிலத்தில் இயந்திரங்கள் இறங்கின. பெரணியையும் செண்டுடோக்கையும் வழித்துக் குவித்தார்கள். அன்னாசிக் கன்று நட ஆள் எடுத்தபோது, வேலி வேலை போய்விட்ட யோகேஸ்வரியும் போய் நின்றாள். ஐயாசாமி வேண்டாம் என்றார். "வேற எங்க போறதுங்க?" என்றாள் அவள். வங்காளதேசத்துப் பையன்களோடு வரிசையில் குனிந்து நட்டாள். முள் குத்தாமல் இருக்கத் தடித்த கையுறை கொடுத்தார்கள். வெடித்த விரல்கள் அதற்குள் ஈரத்தில் எரிந்தன. அவள் வேலையில் யாரோடும் பேசுவதில்லை. பழகாதவர்கள் அவளை அமைதியான பொம்பளை என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் நடவில் இருக்கும்போது பிரேமலா கூப்பிட்டாள்.

"சொல்லணும்னு நெனச்சேன் அத்தை. இப்ப மாமா ஒண்ணும் கேக்கறதில்ல. எங்கயும் எந்திரிச்சுப் போறதும் இல்ல. பேசறதே இல்ல. வச்ச சோத்துல பாதி திங்கறாரு, படுத்துக்கறாரு. எங்களுக்கு இப்பத்தான் நிம்மதியா இருக்கு. நீங்க நேர்ல வந்து சொன்னது நல்லதாப் போச்சு."

"சரிம்மா" என்றாள் யோகேஸ்வரி.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். மேற்பார்வைக்காரன் தூரத்திலிருந்து கையசைத்தான். அவள் கன்றுக்கூடையை இழுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.